மூன்று தண்ணீர் வடித்த கீரை

அந்தப் பெண் முதன்முதலில் என்னிடம் வந்தது மருந்துக்காக அல்ல. எறும்புப் பொடி கேட்டு வந்தாள்.

ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் மருந்துச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதுளைக்கு ரயில் வந்திராத காலம் அது. பண்டாரவளையில் இறங்கும் மருந்துப் பெட்டிகள் மாட்டு வண்டியில் மலை சுற்றி வந்து சேர்வதற்குள் பாதிப் புட்டிகள் உடைந்திருக்கும். மருந்துச் சாலை என்பது ஓர் அறை, ஒரு வராந்தா, இரண்டு அலமாரி. டாக்டர் பதுளையிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை குதிரையில் வருவார். மற்ற நாட்களில் காய்ச்சலோ, வயிற்றுப்போக்கோ, அட்டை கடித்த புண்ணோ, எதுவானாலும் நான்தான் பார்த்தாக வேண்டும்.

"லயத்துக்குப் பின்னால செவரோரமா சாரி சாரியா வருதுங்க ஐயா. கூட்டித் தள்ளினாலும் போவலீங்க" என்றாள். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் ஓரறை வீடுகளைத்தான் லயம் என்பார்கள். கொழுந்துக் கூடை இன்னும் முதுகில் இருந்தது. இருபது இருபத்திரண்டு வயதிருக்கும்.

"சீனி, கருப்பட்டி ஏதாவது கொட்டிக் கிடக்கா?"

"சீனிக்கு நாங்க எங்கங்க போறது?" என்று சொல்லிவிட்டுத் தயங்கினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவரு ஒண்ணுக்குப் போற எடத்துலதாங்க மொய்க்குது" என்றாள்.

நான் கையிலிருந்த சீட்டைக் கீழே வைத்தேன்.

"தண்ணி நெறைய குடிக்கிறாரா?"

"கொடத்தத் தூக்கி அப்படியே குடிக்கிறாருங்க. நாலு பேரு சோறு அவரு ஒருத்தருக்கே பத்தல. ஆனா ஆளு எளைச்சுக்கிட்டே போறாரு."

மறுநாள் புருஷனை அழைத்துவரச் சொன்னேன். அவனைத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிச் சமன் செய்யும் கவ்வாத்து வேலையில் அவனுக்கு இணையாக யாரும் இல்லை என்று கங்காணியே சொல்வார். அகன்ற தோளும் பெரிய கையுமாக இருந்தவன், வேட்டியை இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

அவன் சிறுநீரில் சில துளிகளை நீல மருந்தில் விட்டுச் சாராய விளக்கில் காய்ச்சினேன். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே நிற்கும். கொஞ்சம் இருந்தால் பச்சையாகும். அது பச்சையில் நிற்கவில்லை. மஞ்சளுக்குப் போய், நான் விளக்கை அணைப்பதற்குள் செங்கல் நிறமாகிக் கண்ணாடிக் குழாயின் அடியில் படிந்தது. அவன் அதை ஆவலோடு பார்த்தான்.

"நல்ல செவப்பா வந்திருக்கே ஐயா" என்றான்.

டாக்டர் வந்து பார்த்த அன்று என்னைத் தனியே அழைத்துப் பேசினார். வயதானவர்களுக்கு இந்த நீரிழிவு வந்தால், சோற்றைக் குறைத்து, இனிப்பை நிறுத்தி, தினமும் நடந்தால் பல வருஷம் ஓட்டிவிடலாம். இந்த வயதில் வந்தால் கதை வேறு. இதற்கு மருந்து கிடையாது. இப்போது பெரிய ஊர்களில் புதிதாக ஒரு முறை செய்கிறார்கள், அதைச் செய்து பார்ப்போம் என்றார். முதலில் நீலம் மாறாத வரைக்கும் பட்டினி. பிறகு கீரையும் இலைக் காய்கறிகளும் மட்டும், அவற்றையும் மாவும் சர்க்கரையும் போகும்படி மூன்று முறை தண்ணீர் மாற்றி வேகவைத்து வடித்து. அதற்குப் பிறகு முட்டை, மீன், இறைச்சி, கொஞ்சம் கொஞ்சமாக. சோறு, ரொட்டி, கிழங்கு, பழம், சீனி எதுவும் கூடாது. தினமும் நடை வேண்டும், ஏனென்றால் உடம்பு அசைந்தால் சர்க்கரை செலவாகும். ஆனால் மூச்சு வாங்கும்படி வேலை கூடாது.

ஒரு தாளும் கொடுத்தார். வெள்ளைக்கார நோயாளிகளுக்கென்று அச்சடித்த தாள். பாலாடைக்கட்டி, வாதுமை ரொட்டி, வெண்ணெயில் வறுத்த மீன் என்று வரிசையாக இருந்தது. நான் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். முடிவில் தாளில் மிஞ்சியது முட்டையும் கீரையும்தான். அந்தப் பெண்ணை உட்கார வைத்து, அவளுக்குக் கிடைக்கக்கூடியதை வாய்மொழியாகச் சொன்னேன். ஓடைக்கரையில் வல்லாரை, பொன்னாங்காணி. தோட்டத்துக் காய்கறிப் பாத்தியில் கோவா என்கிற முட்டைக்கோஸ் இலை. பதுளைக் கடைவீதியில் கருவாடு. பக்கத்து லயத்துக் கோழி முட்டை.

"மூணு தண்ணி வடிச்சா கீரையில என்னங்க மிஞ்சும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் மிஞ்சக் கூடாதுன்னுதான்" என்றேன்.

பட்டினி நாட்களில் அவனை மருந்துச் சாலையிலேயே படுக்க வைத்தேன். வெறும் தேத்தண்ணீர், உப்புப் போட்ட வெந்நீர், இவ்வளவுதான். இரண்டாம் நாள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். மூன்றாம் நாள் எழுந்திருக்கவே இல்லை. நான்காம் நாள் காலையில் குழாயைக் காய்ச்சினேன். நீலம் அப்படியே நின்றது. அவனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். எழுந்து உட்கார்ந்தான்.

"ஜெயிச்சுட்டோமா ஐயா?"

"ஜெயிச்சாச்சு" என்றேன். அன்று நானும் அதை நம்பினேன்.

கவ்வாத்து வேலைக்கு அவனை அனுப்ப முடியாது. காலையில் பெரட்டுக் களத்தில் வேலை பிரிக்கும்போது பேர் கொடுக்காதவனுக்குத் தோட்டத்தில் இடமும் இல்லை. நான் துரையிடம் போய் நின்றேன். தபால் பையைப் பதுளைக்குக் கொண்டுபோய் வரும் கிழவன் அப்போதுதான் ஊருக்குக் கப்பலேறியிருந்தான். அந்த வேலையை இவனுக்குத் தாருங்கள், டாக்டர் இவனை நடக்கச் சொல்கிறார் என்றேன். துரை சிரித்தார், பிறகு சரி என்றார். இறக்கத்தில் போய், ஓய்வெடுத்து, நிதானமாக ஏறி வர வேண்டும். இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தோன்றவில்லை.

சில மாதங்கள் நன்றாகத்தான் போயின. வாரத்துக்கு ஒருமுறை குழாயைக் காய்ச்சுவேன். நீலம், அல்லது லேசான பச்சை. பச்சை தெரிந்தால் அடுத்த நாள் பட்டினி. வாரக் கடைசியில் தொழிற்சாலையில் கொழுந்து நிறுக்கும் தராசில் அவனை நிறுப்பேன். கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கென்று ஒரு எடையைக் கழிப்பது வழக்கம். "எனக்கும் கூடைக்குன்னு கழிச்சுப்புடாதீங்க ஐயா, அப்புறம் ஒண்ணும் மிஞ்சாது" என்பான். தராசடியில் நின்ற பெண்கள் சிரிப்பார்கள். எடை ஏறவே இல்லை. ஏறும் என்று டாக்டரும் சொல்லியிருக்கவில்லை.

லயத்தில் என்னைப் பற்றிப் பேச்சு வேறு மாதிரிப் போயிற்று. வாழுகிற வயதில் ஒருத்தனைச் சோறு போடாமல் கொல்கிறார் என்றார்கள். என் முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. ஆனால் நான் போனால் பேச்சு நின்றுவிடும். நான் வராந்தாவில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன். அந்த நாட்களில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடப் பழகினேன். அவன் பையோடு அந்த வழியாகத்தான் வருவான்.

ஒருநாள் காலை பத்து மணி வாக்கில் கொழுந்து மலையிலிருந்து நாலு பெண்கள் அவன் மனைவியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கொழுந்து பறிக்கும் நிரையில் நின்றபடியே விழுந்துவிட்டாள். முகத்தில் தண்ணீர் தெளித்து, வராந்தாவில் படுக்க வைத்தேன். கண்ணிமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளுத்துக் கிடந்தது. மணிக்கட்டு என் இரண்டு விரல் பருமன்.

"நீ என்ன சாப்பிடுற?" என்று கேட்டேன்.

கூட வந்தவர்களில் மூத்தவள் சொன்னாள். "அவளும் சோத்துல கை வைக்கிறதில்லீங்க. அரிசிய வாங்கி எங்க வூட்டுல குடுத்துர்றா."

எனக்குக் கோபம் வந்தது. "அவனுக்குத்தானே வியாதி? உனக்கு யாரு சொன்னது? மலை ஏறிக் கூடை சுமக்கிறவ கீரைத் தண்ணியக் குடிச்சுட்டு நிப்பியா?"

"அவரு பாத்துக்கிட்டு இருக்கையில எனக்கு எப்படிங்க எறங்கும்?" என்றாள். "ஒல கொதிக்கிற வாசனைக்கே அவரு எந்திரிச்சு வெளிய போயிர்றாரு. அந்தக் குளிர்ல போயி நிக்கிறாரு."

இந்த ஒன்றை நான் நினைத்தே பார்க்கவில்லை. தாளில் அடித்ததும் எழுதியதும் எல்லாம் அவன் ஒருவனுக்காகத்தான். ஒரே அறை, ஒரே அடுப்பு, ஒரே பானை உள்ள வீட்டில் ஒருவனுக்கு மட்டும் எப்படிச் சோறில்லாமல் போகும் என்று எனக்குத் தோன்றவில்லை. அன்று முதல் அவள் மத்தியானம் மருந்துச் சாலைக்கு வந்து என் பானையில் சாப்பிட வேண்டும் என்று கட்டாயப்படுத்தினேன். வந்தாள். சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து வேகவேகமாகச் சாப்பிட்டுவிட்டு, வாயைத் திரும்பத் திரும்பக் கொப்பளித்துவிட்டுப் போவாள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம்கூட ஆகவில்லை, குழாய் மறுபடியும் சிவந்தது. மஞ்சளல்ல, செங்கல் சிவப்பு. அவனை உட்கார வைத்துக் கேட்டேன்.

"எங்க சாப்பிட்ட?"

"எங்கயும் இல்லீங்க."

"குழாய் பொய் சொல்லாது."

தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள்தான் ஊட்டியிருப்பாள் என்று நினைத்து அவளையும் அதட்டினேன். அவள் அழக்கூட இல்லை. "நான் குடுக்கலீங்க. ஆனா யாரோ குடுத்திருந்தா அவுங்க நல்லா இருக்கட்டும்" என்றாள்.

மறுநாள் மருந்து வாங்கும் சாக்கில் அவன் போகும் பாதையிலேயே பதுளைக்கு நடந்தேன். கடைவீதி முனையில் ஒரு சாப்பாட்டுக் கடை. அதன் முதலாளி ஐம்பது வயது முஸ்லிம். தோட்டத்து ஆட்கள் நானா என்று கூப்பிடுவார்கள். தபால்காரனைத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாம என்ன? போன வாரம் வாசல்ல வந்து உக்காந்தாரு. காலு ரெண்டும் நடுங்குது, மொகத்துல ரத்தமே இல்ல. என்னன்னு கேட்டா பதில் சொல்லத் தெம்பில்ல. கருப்பட்டி போட்டுத் தேத்தண்ணி குடுத்தேன். ஒரு கோப்பை சோறும் குடுத்தேன். அழுதுக்கிட்டே சாப்பிட்டாரு. அதுக்கப்புறம் ரெண்டு மூணு நாளு வந்தாரு. குடுத்தேன்."

"இனிமே குடுக்காதீங்க" என்றேன்.

அவர் கையிலிருந்த கரண்டியைச் சட்டிமேல் வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பசிச்சு வந்தவனுக்குச் சோறு போடாதேன்னு சொல்றதுக்கா தம்பி இம்புட்டுத் தூரம் எறங்கி வந்தீங்க?"

நான் வியாதியைச் சொன்னேன். நீல மருந்தைச் சொன்னேன். சோறு அவன் உடம்பில் ஒட்டாமல் விஷமாகிறது என்று சொன்னேன். அவர் நடுவில் பேசாமல் கேட்டார். கடைசியில், "எனக்கு யாரும் சொல்லலியே" என்றார். கரண்டியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, "அவருக்கு என்ன குடுக்கலாம்னு சொல்லுங்க" என்றார்.

முட்டை, ஆட்டெலும்பு ரசம், தேங்காய், கீரை என்று சொன்னேன். அன்றிலிருந்து அவன் வருகிற நேரத்துக்கு ஒரு மூடி போட்ட கோப்பையில் எலும்பு ரசமும் அவித்த முட்டையும் தனியாக எடுத்து வைத்திருப்பார். சோற்றுச் சட்டி கண்ணில் படாதபடி அவனைக் கடைக்குப் பின்புறம் உட்கார வைப்பாராம். நான் எழுதிக் கொடுத்த தாளைவிட அவர் செய்தது பெரிது என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன்.

ஆனாலும் வியாதி நிற்கவில்லை. குழாயை நீலத்துக்குக் கொண்டுவர இப்போது இரண்டு நாள் பட்டினி வேண்டியிருந்தது, பிறகு மூன்று நாள். கன்னம் ஒட்டிப் பல் முன்னால் தெரிந்தது. ஒருநாள் தபால் பையைச் சுமக்க முடியாமல் மேட்டில் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டான். வண்டிக்காரன் ஏற்றிக்கொண்டு வந்து விட்டான். அத்தோடு நடையை நிறுத்தினேன். லயத்து வாசலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தூரத்து மலையில் கவ்வாத்துக் கத்தி விழும் சத்தம் கேட்கும். எந்தக் கத்தி மழுங்கியிருக்கிறது என்று அங்கிருந்தபடியே சொல்வான்.

ஒரு சாயங்காலம் நான் போயிருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஒண்ணு கேக்குறேன், உள்ளதச் சொல்லுங்க. நான் இனிமே சோறு தின்னா எத்தன நாளு இருப்பேன்? திங்காம இப்புடியே இருந்தா எத்தன நாளு இருப்பேன்?"

டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அந்த மாதம் டாக்டர் வந்தபோது கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: சோறு சாப்பிட்டால் சில வாரம். இப்படியே இருந்தால் சில மாதம். இரண்டுக்கும் முடிவு ஒன்றுதான். அவன் விருப்பப்படுகிறதைக் கொடுத்தால் நான் குறை சொல்ல மாட்டேன். இவ்வளவும் சொல்லிவிட்டுக் குதிரையேறிப் போனார்.

நான் லயத்துக்குப் போனேன். அவள் மலையிலிருந்து இன்னும் வரவில்லை. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சோறு தின்னா செத்துருவ" என்றேன். "இப்படியே பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தா, கொஞ்ச நாள்ல ஒடம்பு தேறிடும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சோறு குடுக்கலாம்னு டாக்டர் சொல்றாரு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. இரக்கம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் இத்தனை மாதம் அவனை வதைத்தது வீண் என்று என் வாயால் சொல்ல எனக்குத் தைரியமில்லை என்பதும் அதில் இருந்தது. அவன் "சரிங்க" என்றான். வேறொன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நாலு மாதத்துக்குச் சற்று மேலே இருந்தான். ஒரு பருக்கைகூட வாயில் வைக்கவில்லை. தைப்பொங்கலன்று லயம் முழுவதும் பொங்கல் கொதித்தபோது, கம்பளியைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருந்தானாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் ஓடிவந்தாள். நான் போனபோது அவனுக்கு நினைவில்லை. மூச்சை ஆழமாக, வேகவேகமாக இழுத்துக்கொண்டிருந்தான், மலையேறி வந்தவனைப் போல. அறையெல்லாம் அழுகிப்போன பழத்தின் வாசனை. அந்த வாசனை வந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். சோடா உப்பைக் கரைத்து உதட்டில் விட்டேன், உள்ளே இறங்கவில்லை. பொழுது சாய்வதற்கு முன்னால் மூச்சு அடங்கிவிட்டது.

மறுநாள் தோட்டத்துச் சுடுகாட்டில் வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். உறவுக்காரர்கள் வரிசையாகப் போட்டார்கள். என்னையும் ஒருவர் கையைக் காட்டி அழைத்தார். நான் அரிசியைக் கையில் எடுத்தேன். போட முடியவில்லை. பக்கத்தில் நின்றவர் கையில் கொடுத்துவிட்டு மேட்டில் ஏறி நின்றுகொண்டேன். அவள் போட்டதை மட்டும் பார்த்தேன். ஒரு பிடி அல்ல, இரண்டு கையிலும் அள்ளிப் போட்டாள். யாரோ கையைப் பிடித்து நிறுத்தினார்கள்.

அடுத்த வருஷமே நான் தோட்டத்தை விட்டுப் பதுளை ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். இன்னும் சில வருஷம் கழித்து, இந்த வியாதிக்கு ஊசி மருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று டாக்டர்கள் பேசிக்கொண்டார்கள். பிறகு கொழும்பிலிருந்து சின்னப் புட்டிகளில் அது வந்தது. ஹாலிஎலப் பக்கத்திலிருந்து ஒரு வாலிபனைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அதே ஒட்டிய கன்னம், அதே வாசனை. ஊசி போட்ட சில நாளில் எழுந்து உட்கார்ந்தான். பிறகு ஒரு மத்தியானம் அவன் தாய் அளவு கோப்பையில் சோறு கொண்டுவந்து கொடுக்க, சாப்பிட்டான். நான் அந்தப் பக்கம் மருந்துத் தட்டோடு போனவன், தட்டை வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன்.

அந்த வருஷந்தான் பதுளைக் கடைவீதியில், எறும்புப் பொடி கேட்டு வந்த அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. என்னை அடையாளம் கண்டு அவளே வந்து பேசினாள்.

"நல்லா இருக்கீங்களா ஐயா? சாப்பிட்டீங்களா?"

ஆயிற்று என்றேன். ஊர் விஷயம் பேசினோம். பிறகு கேட்டாள்: "அந்த வியாதிக்கு இப்ப ஊசி வந்திருக்காமே?"

"வந்திருக்கு."

"அப்பவே இருந்துச்சுங்களா?"

"இல்ல. அப்ப எங்கயுமே இல்ல."

அவள் மூச்சு விட்டாள். அதோடு நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் டாக்டர் அன்று சொன்னதையும் நான் அவனிடம் மாற்றிச் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை, எதிர்க்கடையில் தொங்கிய சாக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவள் கையிலிருந்த மூட்டையைக் கீழே வைத்தாள்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றாள். "தெரிஞ்சிருந்தா ஆக்கிப் போட்டிருப்பேன். ரெண்டு பேரும் ஒக்காந்து ஒருவேளை சாப்பிட்டிருப்போம்."

மன்னித்துவிடு என்று சொல்ல வாய் வரவில்லை. அவளும் அதை எதிர்பார்த்து நிற்கவில்லை. வண்டி போயிரும் என்று சொல்லி, மூட்டையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு பசறை வண்டி நிற்கும் பக்கம் நடந்தாள். கூட்டத்தில் கொஞ்ச தூரம் தெரிந்தாள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.